கணையத் திட்டு மாற்றமும் உடலின் எதிர்ப்பும்

பெங்களூர் மாநகரின் தென்கிழக்கே, கோரமங்களாவை ஒட்டி அமைந்துள்ளது ஈஜிபுரா. ஒரு காலத்தில் நகருக்கு வெளியே கிராமமாக இருந்த இப்பகுதியில் இன்று குறுகிய தெருக்களும் நெருக்கமான வீடுகளும் நிறைந்துள்ளன. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகளைப் பேசும் உழைக்கும் மக்கள் இங்கு அருகருகே வாழ்கின்றனர். இத்தகைய தெரு ஒன்றில் வாழும் பத்து வயதுச் சிறுவனுக்கு நீரிழிவு நோய் கண்டிருப்பதாகக் கொள்ளலாம். முதியவர்களுக்கு வரும் நீரிழிவு அன்று இது. இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதல் வகை நீரிழிவாகும். அவன் நாள்தோறும் மூன்று அல்லது நான்கு முறை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விரல் நுனியைக் குத்தி இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். ஊசி சில நாட்கள் நின்றுபோனாலும் உயிருக்கே ஆபத்து. ஊசியின் அளவு மிகுந்துவிட்டாலோ சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நினைவிழக்க நேரும்.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிறுநீரகத்தை மாற்றுகிறார்கள், கல்லீரலை மாற்றுகிறார்கள், கெட்டுப்போன கணையத்திற்குப் பதிலாக வேறொன்றை வைத்து இந்த ஊசிக்கு முடிவு கட்ட முடியாதா?" என்பதே அது. கேள்வி நியாயமானது. முழுக் கணையத்தையும் மாற்றாமல், இன்சுலின் சுரக்கும் நுண்ணிய திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்தும் முறையை அறிவியல் கண்டுபிடித்துள்ளது. பல நாடுகளில் அது நோயாளிகளுக்குச் செய்யப்பட்டும் வருகிறது. இருந்தும் ஈஜிபுராச் சிறுவனுக்கு அதை இன்று எந்த மருத்துவரும் பரிந்துரைப்பதில்லை. திட்டுகள் கிடைப்பதும் அரிது. எனினும் அது மட்டுமே காரணமன்று. வந்து சேரும் திட்டுகளை அவனுடைய உடலே ஏற்க மறுப்பதுதான் முதன்மையான காரணமாகும்.

திட்டுகளும் அவற்றின் பணியும்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்துள்ள உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரக்கிறது. அந்தப் பெரும்பரப்பின் இடையிடையே, கடலில் தீவுகள் போலத் தனித்தனிச் செல் கூட்டங்கள் இருப்பதை 1869-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அவற்றின் பணி இன்னதென அவர் அறிந்திருக்கவில்லை. பின்னாளில் அவை அவர் பெயராலேயே லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என அழைக்கப்பட்டன.

மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் உள்ளன. எனினும் அவை அனைத்தும் சேர்ந்து கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே ஆகும். ஒரு திட்டின் குறுக்களவு சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் ஆயிரத்திற்கு மேற்பட்ட செல்கள் இருக்கும். அவற்றுள் பீட்டா செல்கள் எனப்படுபவை இரத்தத்தில் சர்க்கரையின் அளவை நொடிதோறும் உணர்ந்து, அதற்கு ஏற்ப இன்சுலினைச் சுரக்கின்றன. உணவு உண்டவுடன் சுரப்பு கூடுகிறது. பட்டினி கிடக்கும்போது குறைகிறது. இந்த நுண்ணிய சீரமைப்பை ஊசியால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. திட்டு மாற்றத்தின் மீது மருத்துவ உலகம் நாட்டம் கொண்டதற்கு இதுவே அடிப்படை.

1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் ஆகிய இருவரும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு ஏற்பட்டது. கணையத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அதனால் உறுதியாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1893 டிசம்பரில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாட்சன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர், நீரிழிவால் சாகும் தறுவாயில் இருந்த 15 வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் ஆட்டுக் கணையத்தின் துண்டுகளை வைத்துத் தைத்தார். சிறுவன் மூன்று நாட்களில் இறந்தான். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே திட்டு மாற்றம் முயலப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன் பிறகு இந்நோய் உடனடி மரணம் என்ற நிலையிலிருந்து மாறி வாழ்நாள் முழுதும் பேணவேண்டிய நோயாயிற்று.

உடலே தன்னைத் தாக்குதல்

பீட்டா செல்கள் ஏன் அழிகின்றன என்பது நெடுங்காலம் விளங்காத புதிராகவே இருந்தது. 1965-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெப்ட்ஸ், நோய் கண்ட சிறிது காலத்திற்குள் இறந்துபோன இளம் நோயாளிகளின் கணையத்தைச் சோதித்து, திட்டுகளைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். 1974-இல் லண்டனில் பொட்டாசோ, டோனியாக் முதலியோர், நோயாளிகளின் இரத்தத்தில் தங்கள் திட்டுச் செல்களுக்கு எதிராகவே உருவான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அந்நியக் கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அமைப்பு, தன் உடலின் ஒரு பகுதியையே பகையென மதித்து அழிக்கிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

இந்த அழிவு ஒரே நாளில் நிகழ்வதன்று என்பதை நிறுவிய ஆய்வுகளில் பெங்களூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் ஐசன்பார்த் முதலியோருடன் பணியாற்றிய இந்திய மருத்துவர் எஸ். ஸ்ரீகாந்தா, உருவொத்த இரட்டையரையும் உருவொத்த மூவரையும் ஆராய்ந்து 1983-இல் கட்டுரை வெளியிட்டார். ஒருவருக்கு நோய் கண்டு, உடன்பிறந்த மற்றவருக்குக் காணாத நிலையில், அந்த மற்றவரின் இரத்தம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதிக்கப்பட்டது. எதிர்ப்பொருள்கள் முதலில் தோன்றின. பின்னர் இன்சுலின் சுரப்பு சிறிது சிறிதாகக் குறைந்தது. அதன் பிறகே நோய் வெளிப்பட்டது. திடீரென வந்ததாகத் தோன்றும் நோய் உண்மையில் பல ஆண்டுகளாக உள்ளுக்குள் வளர்ந்து வந்ததாகும். ஸ்ரீகாந்தா பின்னாளில் பெங்களூரில் சமத்வம் என்ற அறக்கட்டளையின் வழியாக நீரிழிவு மருத்துவப் பணியில் ஈடுபட்டார்.

இந்த ஆய்வின் உட்பொருள் திட்டு மாற்றத்திற்கு மிக முக்கியமானது. தன் திட்டுகளை அழித்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடலில் இன்னமும் இருக்கின்றன. புதிய திட்டுகள் வந்து சேர்ந்தால் அவை மீண்டும் எழும். பழைய பயிரை அழித்த பூச்சி நிலத்திலேயே இருக்கும்போது புதிய நாற்றை நடுவதற்கு இதை ஒப்பிடலாம்.

பிரித்தெடுத்தலும் செலுத்துதலும்

திட்டுகளைக் கணையத்திலிருந்து பிரிப்பது எளிதன்று. நூற்றுக்கு ஒரு பங்கான நுண் திட்டுகளை, செரிமான நொதிகள் நிறைந்த மீதித் திசுவிலிருந்து உயிரோடு எடுக்க வேண்டும். திசுக்களைப் பிணைக்கும் நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்ற நொதியை 1965-இல் மொஸ்கலெவ்ஸ்கி பயன்படுத்தினார். 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லேசி, கோஸ்தியனோவ்ஸ்கி ஆகியோர் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். 1972-இல் பாலிஞ்சரும் லேசியும் எலிகளில் திட்டு மாற்றம் செய்து நீரிழிவைத் தணித்தனர். கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் திட்டுகளைச் செலுத்தினால் அவை கல்லீரலில் தங்கி நன்கு செயல்படுகின்றன என்பது 1973-இல் தெரியவந்தது. மனிதர்களிலும் இன்றுவரை பெரும்பாலும் இவ்வழியே பின்பற்றப்படுகிறது. பெரிய அறுவை தேவையில்லை. மெல்லிய குழாய் ஒன்றின் வழியே திட்டுகள் கலந்த நீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

1974-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கு இம்முறை தொடங்கப்பட்டது. எனினும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நோயாளிகளில் மிகச் சிலரே இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டனர். எலிகளில் எளிதாக வெற்றி பெற்ற முறை மனிதரில் ஏன் தோற்றது என்பதை ஆராய்ந்தபோது, திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எதிர்ப்புகளைச் சந்திக்கின்றன என்பது தெளிவாயிற்று.

மூன்று எதிர்ப்புகள்

முதலாவது எதிர்ப்பு சில நிமிடங்களிலேயே எழுகிறது. திட்டுகள் இயல்பாக இரத்த ஓட்டத்தில் நேரடியாக மிதப்பவை அல்ல. அவை இரத்தத்தோடு கலந்தவுடன் இரத்தம் அவற்றைக் காயம்பட்ட திசுவெனக் கருதி உறையத் தொடங்குகிறது. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி உண்டாகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் இதனை விளக்கினர். செலுத்தப்பட்ட திட்டுகளில் பெரும்பகுதி வேரூன்றுவதற்கு முன்பே மடிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது எதிர்ப்பு, பிறர் உறுப்பு எதுவாயினும் எழுவதாகும். ஒவ்வொருவரின் செல்களின் மேற்பரப்பிலும் அவருக்கே உரிய புரத அடையாளங்கள் உள்ளன. எச்.எல்.ஏ. எனப்படும் இவ்வடையாளங்கள் மாறுபட்டிருந்தால் டி செல்கள் அவற்றை அந்நியம் என அறிந்து தாக்குகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டியபோது அது உதிர்ந்துபோனதை ஆராய்ந்து, இது எதிர்ப்பாற்றலின் செயலே என நிறுவியவர் பீட்டர் மெடாவர். முதல்முறை ஒட்டியதைவிட இரண்டாம்முறை ஒட்டிய தோல் விரைவாக உதிர்ந்ததே அதற்குச் சான்றாக அமைந்தது. உடல் பகையை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். 1960-இல் அவர் பர்னெட் என்பவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூன்றாவது எதிர்ப்பு நீரிழிவு நோயாளிக்கே உரியது. முன்னர்க் கூறப்பட்ட பழைய பகை மீண்டும் எழுவது. இதற்கு ஐயமற்ற சான்று மின்னசோட்டாவில் கிடைத்தது. 1954-இல் பாஸ்டன் நகரில் உருவொத்த இரட்டையருக்கிடையே நடைபெற்ற சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றிருந்தது. அடையாளங்கள் ஒன்றாகவே இருந்ததால் உடல் அச்சிறுநீரகத்தை எதிர்க்கவில்லை. அதே நம்பிக்கையில், ஒருவருக்கு மட்டும் நீரிழிவு இருந்த உருவொத்த இரட்டையரில், நலமாக இருந்தவரின் கணையத்தில் ஒரு பகுதி மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தரப்படவில்லை. கணையப் பகுதி அந்நியமென ஒதுக்கப்படவில்லை. ஆனால் நாளடைவில் அதிலிருந்த பீட்டா செல்கள் மட்டும் பொறுக்கி எடுத்தாற்போல அழிந்தன, நீரிழிவு திரும்பிவந்தது. சதர்லேண்ட் முதலியோர் 1984-இல் இதனை வெளியிட்டனர். உடன்பிறந்த இரட்டையரின் சிறுநீரகம் நிலைக்கும். அதே இரட்டையரின் திட்டு நிலைக்காது. திட்டு மாற்றத்தின் தனிச் சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

மருந்தின் விலை

இவ்வெதிர்ப்புகளை அடக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகள் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவை. நீரிழிவைத் தீர்க்கச் செய்த சிகிச்சைக்குத் துணையாக நீரிழிவை வளர்க்கும் மருந்தையே தர நேர்ந்தது. கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவும் குழுவினரும் இதனை மாற்றினர். ஸ்டீராய்டை முற்றிலும் நீக்கி வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்தனர். ஒரு நோயாளிக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கொடையாளர்களின் கணையத்திலிருந்து, உடல் எடையில் கிலோவுக்குப் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட திட்டுகளைச் செலுத்தினர். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. சிகிச்சை பெற்ற 7 பேரும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டிருந்தனர்.

அடுத்து வந்த ஆண்டுகள் அவ்வியப்பைச் சமநிலைக்குக் கொண்டுவந்தன. 2006-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 36 பேரில் 16 பேரே ஓராண்டின் முடிவில் ஊசியின்றி இருந்தனர். எட்மன்டனிலேயே ஐந்தாண்டுகளின் முடிவில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே ஊசியின்றி இருந்தார். எனினும் ஐந்தில் நால்வருக்குத் திட்டுகள் ஓரளவு உயிரோடு இருந்து, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்திலிருந்து காத்தன. சர்க்கரை தாழ்வதைத் தம் உடலால் உணரவே இயலாத நோயாளிகளுக்கு இது பெரும் நன்மையாகும். 2023 ஜூனில் அமெரிக்க அரசு முதன்முதலாக ஒரு திட்டுச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தபோது, இத்தகைய கடுமையான தாழ்சர்க்கரைத் தாக்குதல்களுக்கு ஆளாகும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே அதனை அனுமதித்தது. அச்சிகிச்சை பெற்ற 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசியின்றி இருந்தனர். 5 பேரால் ஒரு நாள்கூட ஊசியை விட இயலவில்லை.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அவை கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கின்றன, சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன, சில புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றுள் சில பீட்டா செல்களுக்கே நஞ்சாகின்றன. காசநோயும் பிற தொற்றுகளும் இன்னும் ஒழியாத நாட்டில் இவ்விலை மேலும் உயர்கிறது. ஊசியை விடுவதற்காக இந்த மருந்துகளை ஏற்பது ஒரு சுமையை இறக்கி வேறொன்றைத் தூக்குவதேயாகும். பத்து வயதுச் சிறுவனுக்கு மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்காததன் காரணம் இதுவே. ஏற்கெனவே சிறுநீரக மாற்றம் செய்துகொண்டு அம்மருந்துகளை எப்படியும் உண்ண வேண்டியிருப்பவரின் நிலை வேறு. அவருக்குக் கூடுதல் சுமை குறைவு.

எதிர்ப்பு எழாத ஓரிடம்

திட்டு மாற்றம் எதிர்ப்பின்றி நிலைக்கும் நிலை ஒன்று உண்டு. அது தென்னிந்தியாவுக்கு நெருங்கிய தொடர்புடையது. கேரளத்திலும் தமிழகத்திலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் படிந்து, தீராத வயிற்றுவலியும் பின்னர் நீரிழிவும் உண்டாகும் நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1960-களில் கேரளத்தில் டாக்டர் ஜீவர்கீஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய நாட்பட்ட கணைய அழற்சியில், வேறு எந்தச் சிகிச்சைக்கும் வலி கட்டுப்படாத சிலருக்குக் கணையத்தை முழுவதும் அகற்ற நேரிடுகிறது. அகற்றினால் நீரிழிவு உறுதி. ஆகவே அகற்றிய கணையத்திலிருந்து நோயாளியின் சொந்தத் திட்டுகளையே பிரித்தெடுத்து, அவருடைய கல்லீரலுக்குள் திரும்பச் செலுத்துகின்றனர். 1977-இல் மின்னசோட்டாவில் தொடங்கப்பட்ட முறை இது.

திட்டுகள் அவருடையவை, ஆகவே அந்நியம் என்ற எதிர்ப்பு இல்லை. அவருக்கு வந்தது எதிர்ப்பாற்றலால் விளைந்த நீரிழிவு அன்று. ஆகவே பழைய பகையும் இல்லை. அடக்கும் மருந்து ஏதும் தேவையில்லை. குறைந்த எண்ணிக்கையிலான திட்டுகளே கிடைத்தபோதிலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஊசியின்றி வாழ முடிகிறது. திட்டுகளைப் பிரிக்கும் நுட்பத்தில் குறை பெரிதும் இல்லை, எதிர்ப்பாற்றலே தடை என்பதற்கு இது மறுபக்கச் சான்றாகும். இந்நோய் மிகுந்த தென்னிந்தியாவில் திட்டுகளைப் பிரிக்கும் தூய ஆய்வகங்களை அமைப்பது, எதிர்காலத்தில் பிற நோயாளிகளுக்கும் பயன்படும் திறமையை வளர்க்கும்.

வேலி அமைக்கும் முயற்சி

மருந்தால் உடல் முழுவதையும் அடக்குவதற்குப் பதிலாகத் திட்டுகளைச் சுற்றி வேலி அமைத்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியது. 1980-இல் லிம், சன் ஆகிய இருவர், கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் என்ற பொருளால் ஆன நுண் உறைக்குள் திட்டுகளை இட்டு எலிகளில் வைத்தனர். உறையின் துளைகள் வழியே சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே செல்லும். இன்சுலின் வெளியே வரும். வெள்ளணுக்கள் உள்ளே நுழைய இயலாது. கருத்து எளிது. ஆனால் உடல் அவ்வுறையையே அந்நியப் பொருளாகக் கண்டு, அதனைச் சுற்றி நார்த் திசுவை வளர்த்துவிடுகிறது. பிராணவாயு கிட்டாமல் உள்ளிருக்கும் திட்டுகள் மூச்சுத் திணறி மடிகின்றன.

இத்துறையில் இந்திய ஆய்வாளர்களும் உழைத்துள்ளனர். புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ரமேஷ் போண்டேயும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிரபா நாயரும் இணைந்து, பாலியூரிதேன் சவ்வுகளைத் திட்டுகளுக்கான வேலியாகச் சோதித்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். மகப்பேற்றின்போது வெளியேறும் பனிக்குடச் சவ்வின் செல்களிலிருந்து திட்டுகளைப் போன்ற செல் கூட்டங்களை உருவாக்கி, உறையிலிட்டு, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் சர்க்கரையைச் சீராக்கியதாக 2010-இல் இவர்களின் குழு அறிவித்தது. போண்டே பின்னர் பெங்களூரில் மணிப்பால் பல்கலைக்கழகத்தின் மீளாக்க மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றினார். எலியில் கண்ட வெற்றி மனிதருக்கு வர நெடுந்தொலைவு உண்டு. எனினும் ஆய்வுத் திறன் இந்நாட்டில் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

உலக அளவில் அண்மைய ஆண்டுகளின் முன்னேற்றம் விரைவானது. ஸ்டெம் செல்கள் எனப்படும் மூலச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் முடிவில் ஊசியின்றி இருந்தனர் என 2025-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது. கொடையாளர் பற்றாக்குறையை இது தீர்க்கக்கூடும். ஆனால் அவர்களும் அடக்கும் மருந்துகளை உண்டவர்களே. அந்த ஆய்வில் பங்கேற்ற ஒருவர் மூளையுறையில் ஏற்பட்ட பூஞ்சைத் தொற்றால் உயிரிழந்தார் என்பதையும் மறத்தலாகாது. அதே ஆண்டில் சுவீடனிலிருந்து வந்த செய்தி வேறுவகையானது. கொடையாளர் திட்டுகளின் மரபணுவைத் திருத்தி, அந்நிய அடையாளங்களை நீக்கி, ஒரு நோயாளியின் முன்கைத் தசையில் வைத்தனர். அடக்கும் மருந்து ஏதுமின்றி அவை பன்னிரண்டு வாரங்கள் அழியாமல் இன்சுலின் சுரந்தன. சுரந்த அளவு மிகச் சிறிது. நோயாளி ஊசியை விடவில்லை. ஆயினும் வேலியின்றியும் மருந்தின்றியும் பிறர் திட்டு மனித உடலில் வாழலாம் என்பது காட்டப்பட்டது.

நோய் முற்றும் முன்னரே எதிர்ப்பைத் தணிக்கும் வழியும் திறந்துள்ளது. டெப்லிசுமாப் என்ற மருந்து, எதிர்ப்பொருள்கள் தோன்றிய நிலையிலுள்ளவர்களுக்கு நோய் வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. 2022-இல் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. இரட்டையர் ஆய்வில் 1983-இல் கண்ட அந்த நீண்ட மறைவுக் காலமே இச்சிகிச்சைக்கு இடம் தந்தது.

செய்ய வேண்டுவன

இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023-இல் அறிவித்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது இரண்டாம் வகை நீரிழிவு. அவர்களுக்குத் திட்டு மாற்றம் தேவையில்லை. தேவைப்படக்கூடிய முதல் வகையினரிலும் இறந்தோரின் உறுப்புக் கொடையால் பயன்பெறக்கூடியவர் மிகச் சிலரே. நாடு முழுவதும் இறந்தபின் உறுப்புக் கொடை வழங்குவோர் அண்மை ஆண்டுகளில் ஓராயிரத்தை ஒட்டியே உள்ளனர். ஒவ்வொருவரின் கணையமும் தகுதியானதாக இருந்து, நோயாளி ஒருவருக்கு இரண்டு கணையம் எனக் கொண்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கே போதும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றச் சட்டம், 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திசுக்களையும் உள்ளடக்கியுள்ளது. கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே என்ற அமைப்பும், தமிழகத்தில் 2008 முதல் நடந்துவரும் திட்டமும் உறுப்புக் கொடையை ஒழுங்குபடுத்துகின்றன. கொடை பெருகுவது இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது.

பெற்றோர் ஏமாறாமல் இருப்பது இன்னொரு தேவை. ஸ்டெம் செல் ஊசியால் நீரிழிவை அடியோடு தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்கள் நகரங்களில் காணப்படுகின்றன. 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய சிகிச்சை நீரிழிவுக்கு முறையான அனுமதி பெற்ற ஆய்வின் பகுதியாக அன்றி வழங்கப்படலாகாது. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் பெறுவதும் முறையன்று. கடன் வாங்கிப் பணம் செலுத்திவிட்டு இன்சுலினையும் நிறுத்திவிடும் குடும்பத்திற்கு நேரும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

இன்று ஈஜிபுராச் சிறுவனுக்கு உறுதியாகப் பயன்படுவது தடையின்றிக் கிடைக்கும் இன்சுலினே. பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரியின் துணையால் மனித இன்சுலினை உற்பத்தி செய்து 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நகரின் ஒரு தெருவில் வாழும் பிள்ளைக்கு மருந்து தீர்ந்துபோகும் நாள் வரக்கூடாது. இன்சுலினும் சர்க்கரையை அளக்கும் பட்டைகளும் ஆரம்பச் சுகாதார நிலையம் வரை கிடைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலிட்ட மண்பானைக்குள் மருந்தைப் பாதுகாக்கும் முறை கற்பிக்கப்பட வேண்டும். மயக்கம் வரும் அறிகுறியையும், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதையும் பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவை திட்டு மாற்றத்திற்கு மாற்றான சிறு ஏற்பாடுகள் அல்ல, அதற்கான முன்னேற்பாடுகளேயாகும். சிறுநீரகமும் கண்ணும் இரத்தக் குழாய்களும் கெடாமல் வளர்ந்த இளைஞனுக்கே நாளைய சிகிச்சை முழுப் பயன் தரும். எதிர்ப்பாற்றலைப் பணியச் செய்யாமல் இசையச் செய்யும் வழி ஆய்வகங்களில் உருவாகி வருகிறது. அது வந்து சேரும் நாள்வரை அச்சிறுவனை நலத்தோடு காத்துவைப்பது சமுதாயத்தின் பொறுப்பாகும்.